சிரித்துக்கொண்டே கூடை மாட்டியவள்

என் தங்கைக்குப் படிப்பு வராது என்று சொன்னவள் நான்தான். அது பச்சைப் பொய். எங்கள் இருவரில் படிப்பு வந்தது அவளுக்குத்தான்!

லிந்துலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் எங்கள் குடும்பம். அப்பா இல்லை. இடுப்பு வலியால் அம்மா வேலையிலிருந்து நின்ற வருஷம் அது. வீட்டில் ஒருவராவது பேர் பதிந்து கொழுந்து பறிக்கப் போனால்தான் நாங்கள் குடியிருந்த லயத்துக் காம்பிரா எங்களுக்கு. இல்லாவிட்டால் காலி செய்ய வேண்டும்.

பல்கலைக்கழகம் போக உயர்தரம் படித்துக்கொண்டிருந்த என்னையும் கூட்டிக்கொண்டு அம்மா தோட்டத்து ஆபிசுக்குப் போனாள். யார் பேரை எழுதுவது என்று, வேலைக்கு ஆள் பதியும் கண்டாக்கு ஐயா கேட்டார். அம்மா என் முகத்தைப் பார்த்தாள்.

“தங்கச்சி பேர எழுதுங்கய்யா. அவளுக்குப் படிப்பு வராது.”

அம்மாவுக்கு எழுதத் தெரியாது. தாளில் சாந்தி என்று எழுதிக் கொடுத்ததும் இதே கைதான். அந்த நேரம் சாந்தி பள்ளிக்கூடத்தில் கணக்குச் சோதனை எழுதிக்கொண்டிருந்தாள்... அது அம்மா எடுத்த முடிவு என்றே இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

நான் பட்டம் வாங்கினேன். ஹட்டனில் டீச்சரானேன். பிறகு இளம்பிள்ளைகளுக்காக ஒரு நாவலும் எழுதினேன். அதில் வரும் தங்கை தானாகவே ஆபிசுக்குப் போய்ப் பேர் பதிகிறாள். “நீ படி, அக்கா” என்று சிரித்துக்கொண்டே கூடையை மாட்டுகிறாள். கடைசியில் எல்லாருக்கும் நல்லது நடக்கிறது.

அதை வாசித்துவிட்டு எத்தனை கடிதங்கள் எழுதினீர்கள் எனக்கு! மழைநாளில் போர்வைக்குள் சுருண்டுகொண்டு வாசித்தீர்களாம்... மனதுக்கு இதமாக இருந்ததாம்... உங்களை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பதினாறு வயதுப் பிள்ளை சிரித்துக்கொண்டே படிப்பை விடுவாளா என்று உங்களில் ஒருவராவது கேட்டீர்களா? கேட்கமாட்டீர்கள். கேட்டால் உங்கள் தூக்கம் கெட்டுவிடும்!

சரி, உங்களைத் திட்டிவிட்டு நான் தப்பித்துவிடலாமா? அந்த இதம் உங்களைவிட எனக்குத்தான் அதிகம் தேவைப்பட்டது. என் தங்கை சிரித்தாள் என்று எழுதி எழுதி, நானே பாதி நம்பிவிட்டேன்.

போன மாதம் சாந்திக்கு இளைப்பு முற்றிவிட்டது. இனி மலையேறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். புருஷனும் இல்லை. மறுபடியும் அதே கேள்வி... யார் பேர்?

சாந்தியின் மகள் துளசிக்குப் பதினெட்டு வயது. உயர்தரப் பரீட்சைக்கு மூன்று மாதம்தான் இருந்தது. யாரிடமும் சொல்லாமல் ஆபிசுக்குப் போய்ப் பேர் பதிந்துவிட்டு வந்தாள். என் நாவலை அட்டை கிழியக் கிழிய வாசித்தவள். அதில் வரும் தங்கை தன் அம்மாதான் என்று அவளுக்குத் தெரியும்.

கேள்விப்பட்டதும் ஓடினேன். சாந்தி என்னை லயத்தின் கோடிப்பக்கம் அழைத்துப் போனாள். மூச்சு வாங்கிக்கொண்டே பேசினாள்.

“அவ ஒரு சொட்டு அழுவலக்கா. அன்னிக்கி நான் மூணு நாளு சோறு திங்காம கெடந்தேன். அத ஏன்க்கா எழுதாம விட்ட? அந்தக் கத பொய்னு ஒன் வாயால சொல்லு. நீ சொன்னா நம்புவா.”

சொல்லியிருக்கலாம். ஹட்டனில் என் வீட்டில் இரண்டு அறைகள் சும்மா கிடக்கின்றன. எல்லாரும் அங்கே வந்துவிடுங்கள், இவள் பரீட்சை எழுதட்டும் என்று சொல்ல ஒரு நிமிஷம் போதும். ஆனால் கதை பொய் என்றால், அப்படியானால் என்னதான் நடந்தது என்று துளசி கேட்பாளே... பேரை யார் சொன்னது என்று சாந்தியும் கேட்பாளே! அவள் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல எனக்குத் துணிவில்லை. இத்தனை வருஷம் கழித்தும் இல்லை.

அப்போதுதான் துளசி அந்தப் புத்தகத்தோடு வந்து நின்றாள்.

“நாளைக்கி வேலைக்கி மொத நாளு பெரியம்மா. இதுல ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுங்க.”

பக்கத்தில் சாந்தி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பேனாவை வாங்கினேன். ‘அன்புள்ள துளசிக்கு’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மறுநாள் சாந்தி போனில் கூப்பிட்டாள். விடியற்காலையில் கூடையை மாட்டிக்கொண்டு துளசி ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போனாளாம்... சிரித்துக்கொண்டேதான் போனாளாம்.