மடியில் குழந்தை, இடுப்பில் எட்டாத பெல்ட்

விமானக் கம்பெனி கவுன்ட்டரில் நாலு வருஷம் உட்கார்ந்தால், வரிசையில் வருகிறவரின் முகம் தெரிவதற்கு முன்னால் இடுப்பு தெரிந்துவிடும். வேண்டுமென்று பார்ப்பதில்லை, கண் தானாகப் போய்விடுகிறது. எங்கள் மைசூருக்கு வருவது இரண்டு பக்கமும் விசிறி சுற்றுகிற சின்ன விமானம். நடுவில் ஒரு ஆள் நடக்கிற வழி, அந்தப் பக்கம் இரண்டு சீட், இந்தப் பக்கம் இரண்டு சீட். அதில் உட்கார்ந்து, முழங்கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையைக் கட்டிக்கொண்டே சென்னை வரைக்கும் போயிருக்கிறீர்களா? அப்படியென்றால் நீங்களும் என் கட்சிதான், தாராளமாக உட்கார்ந்து படியுங்கள்.

கல்யாணத்துக்கு முன்னால் நான் எதிர்க்கட்சி. என் மகள் ரியா பிறந்த பிறகுதான் கட்சி மாறினேன். என் கணவர் ஆல்வினுக்கு மஸ்கட்டில் வேலை. மகள் பிறந்தபோது அவருக்கு லீவு கிடைக்கவில்லை, போனில்தான் அவளைப் பார்த்திருக்கிறார். குழந்தைக்கு பாஸ்போர்ட் வந்ததும் நாங்கள் அங்கே போய் ஒரு மாதம் இருந்துவிட்டு வருவது என்று முடிவானது. சந்தோஷமான விஷயம்தானே, இதில் பயப்பட என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். கைக்குழந்தைக்குத் தனி சீட் கிடையாது, அம்மா மடிதான். அதற்கென்று ஒரு குட்டி பெல்ட் கொடுப்பார்கள். அதை அம்மாவின் பெல்ட்டில் கோத்து மாட்ட வேண்டும். அம்மாவின் பெல்ட் பூட்டியிருந்தால்தான் குழந்தைக்குப் பிடிமானம்.

என் பெல்ட் பூட்டுமா என்பதில் எனக்குப் பலத்த சந்தேகம். எட்டாதவர்களுக்கு நீளத்தைக் கூட்ட எக்ஸ்டென்ஷன் பெல்ட் என்று ஒன்று இருக்கிறது, கேட்டால் தருவார்கள். ஆனால் கேட்க வேண்டுமே! எல்லார் முன்னாலும், தினமும் என்னோடு வேலை செய்கிறவர்கள் முன்னாலும், வாயைத் திறந்து கேட்க வேண்டுமே! இந்தப் பயத்தோடு கவுன்ட்டரில் உட்கார்ந்திருந்த மாதங்களில் யாரைப் பார்த்தாலும் எனக்குப் பொறாமையாக இருந்தது.

பக்கத்துக் கவுன்ட்டர்

முதல் பொறாமை ஷ்ருதி மேல். பக்கத்துக் கவுன்ட்டர்க்காரி. அவளுக்கும் ஒரு பையன் இருக்கிறான், பார்த்தால் யாரும் நம்பமாட்டார்கள். பிரசவ லீவு முடிந்து வந்த அன்றைக்கே பழைய யூனிஃபார்மைப் போட்டுக்கொண்டு, பழைய துவாரத்திலேயே பெல்ட்டை மாட்டிக்கொண்டு வந்தவள். நான் லீவு முடிந்து வந்த அன்றைக்கு ஸ்கர்ட்டின் கொக்கி மாட்டவில்லை. சேஃப்டி பின் குத்தி, மேலே கோட்டை இழுத்துவிட்டு, நாள் முழுக்க மூச்சை அளந்து விட்டேன். கவுன்ட்டரில் எங்களுக்குப் போட்டிருப்பது கை வைத்த நாற்காலி. நான் எழுந்தால் அதுவும் என்னோடு எழுந்து, கொஞ்சம் யோசித்து, பிறகு உட்காரும்.

சென்னை விமானம் கிளம்பிப் போனதும் எங்களுக்குக் கொஞ்சம் ஓய்வு. ஷ்ருதி மத்தூர் வடைப் பொட்டலத்தைப் பிரிப்பாள். நான் டப்பாவில் வெள்ளரிக்காய் வைத்திருப்பேன். ஒருநாள் மூன்றாவது வடையைத் தின்றுகொண்டே என்னை மேலும் கீழும் பார்த்தாள். அவள் மனதில் கள்ளம் கிடையாது, அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். கன்னடம் கலந்த தமிழில் அவள் கேட்டது இது: "அய்யோ அக்கா, நான் எஷ்டு தின்னாலும் உடம்பே ஏறமாட்டேங்குது. நீங்க என்ன சாப்பிடறீங்கன்னு எனக்கும் சொல்லுங்களேன், ப்ளீஸ்!"

பட்டு வியாபாரி

சின்ன விமானத்தில் ஆள் குறைவாக இருக்கும் நாட்களில் எடை ஒரு பக்கமாகச் சேர்ந்துவிடக்கூடாது. முன்னால் உட்கார்ந்திருப்பவர்களில் நாலைந்து பேரைப் பின்னால் போகச் சொல்வோம். இதில் வேடிக்கை என்னவென்றால், கம்ப்யூட்டரின் கணக்கில் பெரியவர்கள் எல்லோருக்கும் ஒரே எடைதான். ஒல்லியும் ஒரு ஆள், குண்டும் ஒரு ஆள். உலகத்திலேயே நானும் ஷ்ருதியும் சமமாக இருக்கிற ஒரே இடம் அது. ஆனால் பயணிகளுக்கு இது தெரியாதே. "சார், கொஞ்சம் பின் சீட்டுக்குப் போகமுடியுமா?" என்று கேட்டால் ஒல்லியானவர்கள் எழுந்து போய்விடுவார்கள். குண்டானவர்கள் முகம் சுருங்கிவிடும். அதனால் அவர்களிடம் கேட்கும்போது என் குரலும் உள்ளே போய்விடும்.

கொள்ளேகாலிலிருந்து ஒரு பட்டு வியாபாரி அடிக்கடி வருவார். இரண்டு ஆள் அகலம், மூன்று ஆள் சிரிப்பு. அன்றைக்குப் பின்னால் போகவேண்டியவர்களில் அவரும் ஒருவர். நான் தயங்கித் தயங்கிச் சொன்னேன். மனுஷர் சுருங்கவே இல்லை. எழுந்து, வேட்டியை இறுக்கிக்கொண்டு, வழியில் இருந்தவர்களையெல்லாம் சிரிக்கவைத்துக்கொண்டே பின்னால் போனார். தன் உடம்பை ஊருக்கு நடுவில் இப்படிச் சாதாரணமாக எடுத்துவைக்க எனக்கு ஏன் வரவில்லை என்று அங்கேயே வயிறெரிந்தது. போகிற போக்கில் என்னிடம் சத்தமாகச் சொன்னார்: "ஏனுங் அம்மணி, நா ஒருத்தன் நவுந்து ஒக்காந்தாத்தான் ஏரோப்ளேன் நேராப் போகும்னா, பைலட்டு சம்பளத்துல பாதிய எனக்குக் குடுக்கச் சொல்லுங்!"

மாறிப்போன பெல்ட்

எங்களுடையது சின்ன நிலையம். கவுன்ட்டரில் டிக்கெட் பார்த்தவளே கேட்டிலும் நிற்பாள், விமானப் படி வரைக்கும் போவாள். ஒருநாள் வயதான தம்பதி வந்தார்கள். அந்த அம்மா என்னைவிடப் பெரிய உருவம். ஐயா பென்சில் மாதிரி இருந்தார். அந்த அம்மாவுக்கு எக்ஸ்டென்ஷன் வேண்டும் என்று புரிந்துகொண்டு, அவர் கேட்டுக் கூச்சப்படவேண்டாமே என்று நானே வாக்கிடாக்கியில் விமானத்துக்குச் சொல்லிவிட்டேன். அவசரத்தில் "எக்ஸ்ட்ரா பெல்ட் ஒண்ணு" என்றுதான் சொன்னேன் போலிருக்கிறது. விமானத்தில் இருந்தது புதுப் பணிப்பெண். இரண்டு பெல்ட்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். அவள் குழந்தை பெல்ட்டைக் கொண்டுவந்து நீட்டி, "குழந்தை எங்கே மேடம்?" என்று கேட்டுவிட்டாள்.

சக்கர நாற்காலியில் வந்த ஒருவரை உட்காரவைக்க நானும் அப்போது உள்ளே இருந்தேன். அந்த அம்மாவின் முகத்தைப் பார்க்கப் பயந்து திரும்பிக்கொண்டேன். எங்கள் வீட்டுக்காரர் பக்கத்தில் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும். "சாயந்திரத்தில கொஞ்சம் வாக்கிங் போயேன்" என்று போனிலேயே சொல்கிறவர். நல்ல மனுஷர்தான், ஆனால் அவ்வளவுதான் வரும். இந்தப் பென்சில் ஐயா என்ன செய்தார் தெரியுமா? மனைவி வாயைத் திறப்பதற்கு முன்னால் கையைத் தூக்கினார். "நான்தாம்மா குழந்தை. எனக்கே மாட்டிவிடு. இவ என்னைப் பிடிச்சுக்கலேன்னா நான் ஜன்னல் வழியா பறந்துடுவேன்."

பயில்வானும் டீச்சரும்

தசராவுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு பயில்வான் வந்தார். குஸ்திக்காரர். தோள் மட்டுமே ஒன்றரை சீட். பக்கத்து சீட்காரர் ஜன்னலோடு ஒட்டிப்போய் உட்கார்ந்திருந்தார். வேறு இடம் காலியாக இருக்கிறது, மாற்றித் தரட்டுமா என்று நானே போய்க் கேட்டேன். அவர் அதற்குள் பயில்வானோடு போட்டோ எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பியிருந்தார். அகலம் ஒன்றுதான். பயில்வானிடம் இருந்தால் அது பலம். என்னிடம் இருந்தால் வாக்கிங் போக வேண்டிய விஷயம். "பரவால்ல மேடம், இருக்கட்டும். பயில்வான் தோள்ல சாஞ்சுட்டு வந்தேன்னு ஊர்ல சொல்லிக்கலாம் அல்லவா?" என்றார் அந்த பாக்கியசாலி.

அதே வாரம் ஒரு டீச்சரம்மா. அதே அகலம், தோளில் புத்தகப் பை. அவருக்குப் பக்கத்தில் சீட் கிடைத்த இளைஞன் எழுந்து, படி அருகில் நின்றிருந்த என்னிடம் வந்துவிட்டான். "நான் முழு டிக்கெட் எடுத்திருக்கேன் மேடம், பாதி சீட்தான் கிடைச்சிருக்கு" என்றான். நான் கான்வென்ட்டில் படித்தவள். முழங்காலை ஒட்டி வைத்து, சீட்டின் நுனியில் உட்கார்ந்து, யார் இடித்தாலும் நாம் முதலில் "சாரி" சொல்லவேண்டும் என்று வளர்ந்தவள். அவனிடமும் "சாரி" சொல்லிக்கொண்டே கூடப் போய்ப் பார்த்தேன். டீச்சரம்மா தன் சீட்டுக்குள் கையைக் கட்டிக்கொண்டு ஒழுங்காகத்தான் உட்கார்ந்திருந்தார். அவன் திரும்ப உட்கார்ந்த விதத்தை அப்போதுதான் கவனித்தேன். ஒரு கால் வழியில், ஒரு கால் டீச்சர் பக்கம். டீச்சரம்மா கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, வகுப்பில் பேசுகிற அதே குரலில் பேசினார். அந்த நாக்கை எனக்கு ஒருநாள் கடன் கொடுக்கமாட்டாரா என்று இருந்தது. "தம்பி, ரெண்டு காலையும் ஒண்ணா சேர்த்து உட்காருங்க. ரெண்டு பேருக்கும் இடம் தாராளமா இருக்கும்."

என் முறை

கடைசியில் அந்த நாள் வந்தேவிட்டது. மைசூரிலிருந்து சென்னை, அங்கிருந்து மஸ்கட். வண்டி விமான நிலையத்துக்கு நஞ்சன்கூடு ரோட்டில் திரும்பும்போதே நான் மூச்சை இழுத்துப் பிடித்துப் பழக ஆரம்பித்துவிட்டேன். ரியாவுக்கு எட்டு மாதம், என் சங்கிலியைக் கடித்துக்கொண்டு ஜாலியாக வந்தாள். ஷ்ருதிதான் எனக்கு போர்டிங் பாஸ் கொடுத்தாள். விமானத்தில் இருந்த பணிப்பெண்ணும் தினமும் படியில் பார்த்து "குட் மார்னிங்" சொல்லிக்கொள்கிற முகம். வேறு யாராக இருந்தாலும் பரவாயில்லை என்று நினைத்தேன்.

எனக்குப் பக்கத்தில் ஜன்னலோரம் ஒரு காலேஜ் பெண். அந்த சீட்டில் அவள் இரண்டு காலையும் மேலே மடித்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். அதே சீட்டில்! பார்க்கக்கூடாது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு பெல்ட்டை இழுத்தேன். மூன்று விரல் அகலம் எட்டவில்லை. மூச்சை வெளியே விட்டு இழுத்தேன், இரண்டு விரல். ரியாவைக் கொஞ்சம் முன்னால் நகர்த்திவிட்டு இழுத்தேன். மறுபடியும் இரண்டு விரல். துப்பட்டாவை எடுத்து மேலே விரித்து, அதற்கு அடியில் இரண்டு முனையையும் இரண்டு விரலால் சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். வெளியிலிருந்து பார்த்தால் பூட்டின மாதிரிதான் இருக்கும்.

பணிப்பெண் குழந்தை பெல்ட்டோடு வந்தாள். "உங்க பெல்ட்டைக் கொஞ்சம் காட்டுங்க, கோத்துடறேன்" என்றாள். "குடு, நானே மாட்டிக்கிறேன்" என்று சொன்னால் நம்பிக் கொடுத்துவிட்டுப் போய்விடுவாள். நான் ஸ்டாஃப், எனக்கு மாட்டத் தெரியும். அந்த வார்த்தை நாக்கின் நுனி வரைக்கும் வந்துவிட்டது. அதற்குள் வெளியே விசிறி சுற்ற ஆரம்பித்தது. சீட் அதிர்ந்தது. ரியா பயந்து என் கழுத்தைப் பிடிக்கத் துள்ளினாள். அந்த ஒரு துள்ளலில், துப்பட்டாவுக்கு அடியில் நான் பிடித்திருந்த இரண்டு முனையும் கையைவிட்டு நழுவி ஆளுக்கொரு பக்கம் விழுந்தன. விமானம் இன்னும் நகரக்கூட இல்லை. மேலே ஒரு குலுக்குக் குலுக்கினால் இவளை என் இரண்டு விரல்தானா பிடிக்கப்போகிறது?

துப்பட்டாவை எடுத்தேன். "எக்ஸ்டென்ஷன் வேணும்" என்றேன். மெதுவாகச் சொல்வதாகத்தான் நினைத்தேன். தினமும் போர்டிங் அறிவிப்பு சொல்லிப் பழகிய குரல், விசிறிச் சத்தத்தையும் தாண்டிப் பாதி விமானத்துக்குக் கேட்டுவிட்டது. பணிப்பெண் முகம் மாறவே இல்லை. தண்ணீர் கேட்டால் கொண்டுவருவது போலப் போய்க் கொண்டுவந்தாள், கோத்தாள், பூட்டினாள். 'டக்' என்று சத்தம் கேட்டது. அதில் குழந்தை பெல்ட்டை மாட்டி ரியாவையும் பூட்டினாள். நான் இரண்டு தடவை இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை.

வழிக்கு அந்தப் பக்கம் ஒரு பெரியவர், நல்ல வாட்டசாட்டம், ஏறினதிலிருந்து மடியில் நியூஸ்பேப்பரை அகலமாக விரித்து ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது பேப்பரை மெதுவாக மடித்தார். உள்ளே பெல்ட்டின் இரண்டு முனையும் தனித்தனியாகக் கிடந்தன. பணிப்பெண்ணைப் பார்த்துச் சொன்னார்: "அம்மா, இன்னொண்ணு மிச்சமிருந்தா எனக்கும் குடுங்க. நான் பேப்பர் படிக்கவே இல்ல."

சீட்டைவிடப் பெரியது எங்கள் இடுப்பு, இடுப்பைவிடப் பெரியது என் பொறாமை, நீளம் கூட்டிப் பூட்ட முடிந்தது என்னவோ இடுப்பை மட்டும்தான்.