ஒரு ஆட்டமும் வெல்லாத சாம்பியன்கள்

சிட்னியின் மேற்குப் புறத்தில் ஒரு பேஸ்பால் மைதானம். மெல்பர்னிலிருந்து மகள் கயலின் அணியோடு வந்திருக்கிறேன். போன வாரப் பயிற்சியில் பந்து அவள் தலைக்கவசத்தில் அடித்தது. ஒன்றுமில்லை, ஆடலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். எனக்குத்தான் அந்தச் சத்தம் இன்னும் காதை விட்டுப் போகவில்லை. இன்று அவளை ஆட வைக்க வேண்டாம் என்று பயிற்சியாளரிடம் சொல்லிவிட கிளப் அறைக்குள் நுழைகிறேன்.

அவர் இல்லை. சுவரில் ஒரு பழைய படம். கம்பளிச் சட்டை போட்ட ஒன்பது பேர், நடுவில் கோப்பை. அதைப் பிடித்திருப்பவர் விரலில் கட்டு. ஸ்கோர் எழுதும் பெண் பென்சில் சீவிக்கொண்டே என்னைப் பார்க்கிறார். பக்கத்து ஊரான பென்டில் ஹில்காரர், பேச்சு யாழ்ப்பாணத் தமிழ்.

“அது அந்தக் காலத்துச் சின்ன லீக் அண்ணை. ஒரு சீசனோட முடிஞ்சுது.”

“இவங்கதான் ஜெயிச்சாங்களா?”

“ஓம். ஆனா ஒரு மேட்சும் வெல்லேல்லை.” சிரிக்கிறார். “மற்ற டீமெல்லாம் ஒவ்வொண்டா விலகிட்டுது. கடைசி நாள் வந்து நிண்டது இவை மட்டும்தான். கோப்பையை வேற ஆருக்குக் குடுக்கிறது?”

கட்டுப்போட்ட விரலை மறுபடி பார்க்கிறேன். அந்த ஆள் வாய்கொள்ளாமல் சிரிக்கிறார்.

“அப்பா, வை ஆர் யூ ஹியர்?” வாசலில் கயல், தலைக்கவசத்தோடு.

“ஒண்ணுமில்லம்மா. போய் ஆடு.” அவள் தாடைக்கடியில் வாரை இறுக்குகிறேன்.

“டூ டைட், அப்பா!”

கொஞ்சமாகத் தளர்த்துகிறேன்.