நாலரை மணி நாற்காலி

நாலரை மணிக்கு இர்பான் ஜன்னலின் இடது கதவைத் திறந்து, வலது கதவைச் சாத்துகிறார். வெயில் சாய்வாக உள்ளே வந்து நீலச் சுவரில் விழுகிறது. சுவரை ஒட்டி ஒரு மர நாற்காலி. அதன் கால்கள் நிற்கவேண்டிய இடத்துக்குத் தரையில் சாக்பீசால் நான்கு அடையாளங்கள். முதுகுச் சட்டத்தில் ஒரு சிவப்புத் துப்பட்டா. ஆறடி தள்ளி நின்று, கூரியரில் வந்த புதுப் போனால் மூன்று படங்கள் எடுக்கிறார். நான்காவது கிடையாது. "நாலாவது எடுத்தா அந்தப் போனுக்கு மட்டும் சலுகை குடுத்தா மாதிரி ஆயிடும்."

திண்டிவனம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால், ஒரு டயர் கடையின் மாடியில் இருந்துகொண்டு பதினோரு வருடமாகப் போன்களுக்கும் செயலிகளுக்கும் மதிப்புரை எழுதுகிறார். இரண்டு இணையதளங்கள், ஒரு மாத இதழ். யாரிடமும் கற்றுக்கொண்டதில்லை. தப்பாக எழுதி, வாசகர்கள் திட்டி, மறுபடி எழுதி வந்த வித்தை.

சென்னையிலிருந்து வரும் போன்கள் பதினாலாவது நாள் திரும்பிப் போக வேண்டும். உள்ளே இருப்பதையெல்லாம் அழித்து, கண்ணாடித் தாளைப் பழைய மடிப்பிலேயே மடித்து, பெட்டியை ஒட்டிக் கொடுத்துவிடுவார். அவருடைய சொந்தப் போன் ஐந்து வருடப் பழசு, மூலையில் விரிசல். "கல்யாணத்துக்கு வாடகை நகை போட்டுக்கினு போற மாதிரி பாய் உங்க பொழப்பு" என்பார் கீழே டயர் கடை வைத்திருக்கும் சக்கரபாணி. இர்பான் சிரித்துக்கொண்டே, "நகைக்காவது கண்ணாடி முன்னாடி நிக்கலாம் நாயுடு. இத திருப்பிக் குடுத்தா நம்ம மூஞ்சி கூட அதுல இருக்காது" என்பார்.

பேட்டரியைச் சோதிக்க விழுப்புரம் பஸ்ஸில் ஏறுவார். வழி நெடுக வீடியோ ஓடும். விழுப்புரத்தில் அவருக்கு ஒரு வேலையும் இல்லை. இறங்கி ஒரு டீ குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்புவார். மைக்கைச் சோதிக்கக் கூட்டேரிப்பட்டு. லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டு போகும் சாலையோரம் நின்று மனைவியிடம் பேசுவார். தமிழில் சொன்னால் எழுதுமா என்று பார்க்க, "மல்லாட்டை வறுத்துக்கினு இருக்கேன்" என்பதுதான் அவருடைய நிரந்தர வாக்கியம். மல்லாட்டை என்றால் இந்தப் பக்கம் வேர்க்கடலை; இதுவரை எந்தப் போனும் அதைச் சரியாக எழுதவில்லை. அதையும் ஒவ்வொரு முறையும் குறிப்பிடுவார்.

ஒன்றை மட்டும் எழுத மாட்டார். எல்லா மதிப்புரைகளின் கடைசியிலும் "வாங்கலாமா?" என்று ஒரு பத்தி வரும். அதில் ஒரே பதில்: "உங்கள் தேவையைப் பொறுத்தது." முதல் வருடம் ஒரு போனை வாங்கவே வாங்காதீர்கள் என்று எழுதியிருந்தார். திருவாமாத்தூரிலிருந்து ஒரு விவசாயி தேடி வந்து, அதே போனைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினார். "எம்பொண்ணு இதுலதாங்க படிக்குது. நல்லாத்தான இருக்குது?" என்று மட்டும் கேட்டார். அன்றோடு இர்பான் தீர்ப்புச் சொல்வதை விட்டுவிட்டார். "பாய்கிட்ட மழ பெய்யுதான்னு கேட்டா, உங்ககிட்ட கொட இருக்கான்னு கேப்பாரு" என்று சக்கரபாணி கடைக்கு வருகிறவர்களிடம் சொல்லிவைத்திருக்கிறார்.

அந்த நாற்காலியில் முன்பெல்லாம் ஃபஸீஹா உட்காருவார். இர்பானின் மனைவி, கோட்டக்குப்பத்துப் பெண். வெளிச்சம், இடம், முகம் எல்லாம் ஒன்றாக இருந்தால்தான் போன்களை ஒப்பிட முடியும் என்பது இர்பானின் முறை. அறுபத்திரண்டு போன்கள் ஃபஸீஹாவின் முகத்தைப் பார்த்திருக்கின்றன. நான்கு வருடத்துக்கு முன் ஷார்ஜாவில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை கிடைத்துப் போனார். "எங்க மாமனார் ஊர்ல ஆம்பளைங்க போவாங்க, பொம்பளைங்க காத்துக்கினு இருப்பாங்க. எங்க வூட்ல மட்டும் திருப்பிப் போட்டாச்சி" என்கிறார் இர்பான்.

துப்பட்டா ஃபஸீஹாவுடையது. "செவப்புலதான் கேமரா ஏமாறும். அதுக்குத்தான் போட்டு வெச்சிருக்கேன்" என்று இர்பான் விளக்கம் சொல்வார். ஆனால் ஃபோகஸுக்காக அவர் விரல் திரையில் தொடுவது துப்பட்டாவை அல்ல. அதற்கு மேலே, உட்கார்ந்தால் முகம் வரும் உயரத்தில் தொடுகிறார். அங்கே சுவர்தான் இருக்கிறது. வாசகர்களின் எல்லாக் கேள்விகளுக்கும் பதில் எழுதுகிறவர், "அக்கா எங்கே?" என்ற கேள்வியை மட்டும் தாண்டிப் போய்விடுவார்.

நான் போயிருந்த அன்று மூன்றாவது படம் எடுத்து முடித்ததும் அதே போனில் வீடியோ அழைப்பு வந்தது. அங்கே மணி மூன்று, ஃபஸீஹாவுக்கு இடைவேளை. இர்பான் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார். அதுவும் சோதனையில் சேர்த்தி.

"அண்ணன் வந்திருக்காருங்களா? இருக்கட்டும், சாட்சிக்கு ஆச்சு" என்றார் ஃபஸீஹா, திரையில் என்னைக் கண்டு. "ஏங்க, நாளைக்கு வேல ஒப்பந்தத்துல கையெழுத்துப் போடணும். இன்னும் ரெண்டு வருஷம். போடட்டுமா, இல்ல கெளம்பி வரட்டுமா?"

"சத்தம் கிளியரா கேக்குதா? மைக்கு எப்படி?"

"மைக்கு நல்லாத்தான் இருக்குது. பேசறவருதான் சரியில்ல."

இர்பான் சிரிக்க முயன்றார். "ஒனக்கு அந்த வேல புடிச்சிருக்குது. இப்பத்தான் சீனியர் ஆக்கியிருக்காங்க. இங்க அந்த மாதிரி மிஷினு எந்த லேப்ல இருக்குது, சொல்லு? ரெண்டு பக்கமும் பாக்கணும்ல."

"மிஷினப் பத்தியா கேட்டேன்? இங்க பாக்க வேண்டியத நான் பாத்துட்டேன். அங்க இன்னா இருக்குதுன்னு நீங்கதான் சொல்லணும்." திரையில் முகத்தை அருகே கொண்டுவந்தார். "வருஷத்துக்கு முப்பது நாளு வர்றேன். ஒக்கார வெச்சிப் படம் புடிக்கறீங்க, பத்திரமா ஏர்போர்ட்ல கொண்டாந்து உட்டுடறீங்க. நானும் ஒங்களுக்கு வந்துட்டுப் போற போனுதானா?"

கீழே சக்கரபாணி டயருக்குக் காற்றடிக்கும் சத்தம் கேட்டது. அது நின்றது.

"உன் தேவையப் பொறுத்ததுன்னு மட்டும் சொல்லிடாதீங்க" என்றார் ஃபஸீஹா. "சொன்னீங்கன்னா இப்பவே போய்க் கையெழுத்துப் போட்டுடுவேன்."

இர்பான் பின்பக்கக் கேமராவுக்கு மாற்றி, நாற்காலி ஃபஸீஹாவுக்குத் தெரியும்படி போனை ஆறடி தள்ளி மேசை மேல் ஸ்டாண்டில் நிறுத்தினார். நாற்காலியிடம் போனார். துப்பட்டாவை எடுத்து உதறி, நான்காக மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். லென்ஸ் துடைக்கும் மெல்லிய துணியைப் பையிலிருந்து எடுத்து, முதுகுச் சட்டத்தையும் நாற்காலியின் கைப்பிடிகளையும் துடைத்தார். உட்காரும் பலகையை ஓரம் வரைக்கும், இரண்டு முறை. நான்கு கால்களும் சாக்பீஸ் அடையாளத்தில்தான் இருக்கின்றனவா என்று குனிந்து பார்த்தார். பிறகு, படத்தில் தான் விழாதபடி ஓரடி விலகி நின்றார்.