மாடியில்லாத படிக்கட்டு

தன் பிழை எங்கே ஒளிந்திருக்கிறது என்று தானே தேடிப் புறப்படும் நேர்மை, அறங்களுள் அரியது. பிறர் சுட்டியபின் ஒப்புக்கொள்வோர் பலர். ஒருவரும் சுட்டாதபோதே தேடிச் செல்வோர் மிகச் சிலர். அச்சிலருள் ஒருவர், தொலைக்காட்சித் தொடர்களுக்கு எழுதும் ஓர் அம்மையார். படப்பிடிப்பில் அவர் பெயர் வசனக்காரம்மா. எதையும் துருவித் துருவிக் கேட்பதால் வீட்டில் நாத்தனார் வைத்த பெயர் கேள்விக்குறி.

பன்னிரண்டு ஆண்டுகள் பிறர் தொடர்களுக்குப் பெயரின்றி எழுதிய பின்னரே, தம் பெயர் திரையில் வரும் முதல் தொடர் அவருக்கு வாய்த்தது. ஒரு பெரிய வீட்டின் மாமியார், மருமகள் கதை. ஐம்பது பகுதிகள் இனிதே ஓடின. அதன்பின் மாமியாராக நடித்த மூத்த நடிகை, முழங்கால் வலி என்று சொல்லி வருவதையே நிறுத்திவிட்டார். கையிருப்பில் நான்கு பகுதிகளே இருந்தன.

இயக்குநர் தொலைபேசியில் அழைத்தார்.

“மாமியாரைக் கொன்னுடுங்க மேடம். ஒரு ஆஸ்பத்திரி சீன், ஒரு அழுகை, முடிஞ்சது.”

“நல்லா வந்துட்டிருந்தவங்க ஏன் சார் திடீர்னு வரல?”

“வயசாச்சு, வேற என்ன? வெள்ளிக்கிழமைக்குள்ள எழுதிக் குடுங்க. இல்லன்னா வேற ஆளை வச்சு எழுதிக்கறோம்னு சேனல்ல சொல்லிட்டாங்க.”

மாமியாரே அத்தொடரின் உயிர்நாடி. கொன்றால் தொடர் படுத்துவிடும். கொல்லாவிட்டால் தொடர் கைநழுவிப் போகும். ஆயினும் அம்மையாரைக் குடைந்த கேள்வி வேறு. கால் வலி என்றால் உட்கார்ந்து நடிக்கலாமே, அடியோடு வராதிருப்பானேன்?

அதுவரை அவர் படப்பிடிப்புத் தளத்தை மிதித்ததில்லை. வீட்டிலிருந்தே எழுதி அனுப்புவார். தொடக்கத்தில் செட்டின் புகைப்படம் ஒன்று வந்திருந்தது. கூடத்திலிருந்து வளைந்து மேலேறிய படிக்கட்டில் அவர் மனத்தைப் பறிகொடுத்தார். அன்றுமுதல் எந்தச் சண்டையானாலும் கடைசி வரி ஒன்றுதான்: ‘விறுவிறுவென மாடிக்குப் போகிறாள்.’

புதன்கிழமை மதிய இடைவேளையில் அவர் தளத்திற்குச் சென்று அப்படிகளில் ஏறினார். பதினான்கு படிகள். அதற்குமேல், கேமராவின் கண் எட்டாத இடத்தில், இரண்டடி அகலப் பலகை ஒன்று. அவ்வளவே. மாடி என்பதே இல்லை. பலகைமேல் ஒரு நைந்த தலையணையும் காலித் தண்ணீர் பாட்டிலும் கிடந்தன.

கீழே ஆணி அறைந்துகொண்டிருந்த தச்சரிடம், தாம் இன்னார் என்று சொல்லி, “இங்க யாருக்குங்க தலையணை?” என்று கேட்டார்.

“மாமியாரம்மாவுக்குத்தான். கோவிச்சுக்கிட்டு மேல வருவாங்க. காட்சி முடியற வரைக்கும் அங்கயே ஒடுங்கி உக்காந்திருப்பாங்க. இறங்கினா கேமராவுல தெரியுமே. போன மாசம் ஒரு சண்டையில மகன், மருமக, நாத்தனார்னு எல்லாரையும் ஏத்தி விட்டுட்டீங்க. நாலு பேர் அந்தப் பலகையில. காலை நேரத்து பஸ் தோத்துது போங்க.”

“எனக்கு யாருமே சொல்லலையே?”

“எழுதி வந்தா எடுத்துடணும்னு டைரக்டர் சொல்வாரும்மா. நானும் பேசாம பலகைக்கு இன்னொரு முட்டு குடுத்துட்டேன்.”

அங்கிருந்து நேரே நடிகையின் வீட்டுக்குப் போனார். முழங்காலில் கட்டுடன் கதவைத் திறந்தவர், “என்னைக் கொல்லப் போறதா கேள்விப்பட்டேன். அதுக்கு நேர்லயே வந்துட்டியா?” என்றார்.

“கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேம்மா. உங்களை எத்தனை தடவை ஏத்தினேன்?”

“கடைசி நாள் மட்டும் ஒம்பது தடவை. கால் கெடக்குது, விடு. நல்லாப் பேச வேண்டிய நேரம் பார்த்து என்னை மேல அனுப்பிடறே. ஒரு சண்டையையாவது கீழ வச்சு முடிச்சிருக்கியா? நான் நடிக்க வந்தேனா, படி ஏற வந்தேனா?”

அம்மையார் வீடு திரும்பினார். அவர் குடியிருப்பது ஓர் அறையும் சமையற்கட்டும் கொண்ட வீடு. கணவர், மகள், நாத்தனார், அவர் என நால்வர். அன்று மாலை மின்விசிறியை யார் பக்கம் திருப்புவது என்று கணவரும் அவர் தங்கையான நாத்தனாரும் மோதிக்கொண்டனர். அம்மையார் இஸ்திரி மேசையருகே அமர்ந்து, முதன்முறையாகப் பார்ப்பவர்போல் பார்த்தார். கோபித்துக்கொண்டு போக அங்கே இடமில்லை. இருவரும் முதுகைக் காட்டி உட்கார்ந்தனர். கால்மணி நேரம் கழித்து நாத்தனார், “அந்தக் கத்தரிக்கோலை எடு” என்றார். அண்ணன் எடுத்து நீட்டினார். “ஃபேனை வேணும்னா நடுவுல வையேன்” என்றது, அவ்வளவு நேரம் வீறாப்பாக இருந்த நாத்தனாரின் அதே வாய்.

இந்த வீட்டில் ஒருபோதும் கிட்டாத மாடிக்கே தம் கதைமாந்தர் அனைவரையும் இத்தனை நாளும் அனுப்பிக்கொண்டிருந்தோம் என்பது அப்போது அவருக்கு விளங்கியது.

வெள்ளிக்கிழமை இயக்குநர் கைக்குப் புதிய பகுதிகள் போயின. மாமியார் நாற்காலியில், மருமகள் எதிரில், ஒரே அறை, ஒரே சண்டை.

“யாருமே எங்கயும் போகலையே மேடம்?”

“போறதுக்கு எடமில்ல சார். நான் ஏறிப் பார்த்துட்டேன்.”

இயக்குநர் தாள்களை நடிகைக்கு அனுப்பினார். திங்கட்கிழமை காலை நடிகை தளத்தில் வந்து அமர்ந்தார். தொடர் பிழைத்தது, எழுதியவர் பெயரும் மாறவில்லை. இன்று எந்தத் தொடருக்கு அழைத்தாலும், செட்டின் ஒவ்வொரு கதவையும் திறந்து அப்பால் என்ன இருக்கிறது என்று பார்த்த பின்னரே அம்மையார் பேனாவைத் திறக்கிறார்.

அவ்வோரறை இல்லத்தில் மூளும் பிணக்குகள் அவ்வறையிலேயே ஆறுக. மின்விசிறி நால்வர்க்கும் நடுவே சுழல்க. கேட்கும் வாயும் விடை சொல்லும் வாயும் ஒருங்கே நெடிது வாழ, இறைவன் அக்குடிக்கு அருள்க.