கொட்டகைக்கு வந்த கார்

கரையான்சாவடியில் ஒரு பட்டறையைக் கடக்கும்போது பெயிண்டில் கலக்கும் தின்னர் வாசனை மூக்கில் ஏறியதும், நூம்பலில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த மாட்டுக் கொட்டகைக்குப் போய்விட்டேன். இன்று அங்கே நாலு மாடிக் குடியிருப்பு. தொண்ணூறுகளில், மேய்ச்சல் நிலமெல்லாம் மனையாகிப் போனபோது அப்பா பசுவை விற்றுவிட்டு, அது நின்ற இடத்திலேயே ஒரு பழைய காரைக் கொண்டுவந்து நிறுத்தினார். அன்றிலிருந்து அம்மா கொட்டகைப் பக்கம் போவதில்லை. ஞாயிறுதோறும் அப்பா உப்புத்தாளால் கரகரவென்று தேய்க்கத் தேய்க்க, பழைய பெயிண்ட் உதிர்ந்து வெறும் தகடு மினுங்கும். “யாரும் கை வெக்காதீங்க, வேர்வை பட்டா துரு புடிச்சிக்கும்” என்று எங்களைக் கிட்டவே விடமாட்டார்.

ஒரு நாள் காலையில் பார்த்தால், பின்பக்கத் தகட்டில் ஐந்து விரலும் உள்ளங்கையுமாகத் துரு பூத்திருந்தது. நான் இல்லை என்று அழ ஆரம்பித்தேன். அப்பா தன் கையை அதன்மேல் படாமல் நீட்டி அளந்து பார்த்தார். என் கையைவிடப் பெரிது, அவர் கையைவிடச் சிறிது. பால் கறந்து முடித்ததும் அம்மா பசுவைத் தட்டிக்கொடுப்பாளே, அதே உயரம்.

அப்பா துருவைத் தேய்த்தெடுத்து, தின்னர் துணியால் துடைத்து, துரு பிடிக்காமலிருக்கச் சிவப்புப் பிரைமர் பூச்சு அடித்தார். மறுநாள் அது காய்ந்ததும் சமையலறைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்.

“இந்தாமே, பிரைமர் காஞ்சிடுச்சி. இனிமே எவ்ளோ வேணா தட்டிக்குடு, ஒன்னியும் ஆவாது.”

அம்மா வந்தாள், முந்தானையில் கையை ஈரம் போகத் துடைத்துக்கொண்டே.