பிரேக்குக்கு வச்ச சந்தனம்

காஞ்சிபுரத்துல மலை கிடையாது. மேடுன்னு சொல்லிக்க ரயில்வே மேம்பாலம் இருக்குது, அதையும் பாதிப் பேர் சைக்கிள விட்டு எறங்கித் தள்ளிக்கினுதான் ஏறுவாங்க. இந்த ஊருக்கு எதுக்குய்யா மலை சைக்கிள்? சின்ன காஞ்சிபுரத்துல இருவத்தெட்டு வருஷமா சைக்கிள் கடை வச்சிருக்கறவன் நான். இந்தக் கேள்விய கடைக்கு வர்ற எல்லார்கிட்டயும் கேட்டுட்டேன். ஒருத்தரும் ஒழுங்கா பதில் சொன்னதில்ல.

எனக்கு மூக்குக்கு மேல கோவம் வரும், தெருவுக்கே தெரியும். ஒரு எடத்துல அஞ்சு நிமிஷம் உட்கார மாட்டேன். பஞ்சர் ஒட்டறப்போ சொல்யூஷன் காயற வரைக்கும்கூட வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்துக்கினே இருப்பேன். "கால்ல சக்கரம் கட்டிக்கினு பொறந்தியாயா?"ன்னு என் சம்சாரம் கேப்பா. நடக்கலைன்னா எனக்கு கை அரிக்கும், கை அரிச்சா வாய் நீளும்.

அந்த மலை சைக்கிள் மொதமொதல்ல கடைக்கு வந்த நாள் நல்லா ஞாபகம் இருக்குது. அதுவரைக்கும் எல்லாம் கறுப்பு சைக்கிள், கம்பி பிரேக்கு. கேரியர்ல பட்டு நூல் மூட்டையக் கட்டினா ஆடாம அசையாம போவும். ஒரு நாள் பட்டுக்கடைக்காரர் ஒருத்தரு தன் புள்ளைக்கு வாங்கினத, பாகமெல்லாம் சேர்த்துப் பூட்டச் சொல்லிக் கொண்டாந்தாரு. குண்டு டயரு, டயர் முழுக்க கட்டை கட்டையா ரப்பரு, குச்சி மாதிரி நேரா ஒரு ஹேண்டில்பாரு. கியர்கூட கிடையாது, பேரு மட்டும் மலை சைக்கிள். "இன்னா சார், டிராக்டர் டயர வெட்டி ஒட்டிட்டானுங்களா?"ன்னு சிரிச்சேன். சிரிச்ச வாய மூடறதுக்குள்ள தெருவுக்குப் பத்து வந்து நின்னுச்சு.

அப்புறம் எனக்கு நிம்மதியே இல்ல. கியர் வந்துச்சு, முன்னால மூணு பல்சக்கரம், பின்னால ஆறு, பதினெட்டு கியர்னு பீத்திக்கினாங்க. எல்லாரும் ஒரே கியர்லதான் ஓட்டினாங்க, மத்த பதினேழும் துருப்புடிச்சு என்கிட்ட வந்துச்சு. அடுத்தது முன் ஃபோர்க்குல ஸ்பிரிங். சிலதுல அது வெறும் வேஷம், ரப்பர் உறையத் தூக்கிப் பார்த்தா உள்ள ஒண்ணும் இருக்காது. அப்புறம் சீட்டுக்குக் கீழயும் ஒரு ஸ்பிரிங் வச்சான். மிதிக்கற மிதியில பாதிய அதுவே முழுங்கிடும், ஓட்டறவன் ஊஞ்சல்ல ஆடற மாதிரி ஆடிக்கினே போவான். பிரேக்கோட கை நீளமாச்சு, அப்புறம் சக்கரத்து நடுவுல ஒரு இரும்புத் தட்ட வச்சு அதக் கவ்வற டிஸ்க் பிரேக் வந்துச்சு. சக்கரம் பெருசாச்சு. முன்னால மூணா இருந்த பல்சக்கரம் திரும்பவும் ஒண்ணாயிடுச்சு, பின்னால மட்டும் பதினொண்ணு, பன்னெண்டுன்னு தட்டு தட்டா அடுக்கிட்டான். ஒண்ணக் கத்துக்கறதுக்குள்ள அடுத்தது வந்து நிக்கும், ஒரே பேஜாரு. தெரியலைன்னு ஒத்துக்க மாட்டேன், கத்துவேன். கத்தினா கஸ்டமர் அதுக்கு மேல கேக்க மாட்டான் பாருங்க, அதான்.

என் பொண்ணுக்கு பத்தொம்போது வயசு, காலேஜுல ரெண்டாவது வருஷம். அவளும் ஒரே எடத்துல நிக்க மாட்டா, அது மட்டும் என்னாட்டம். பட்டுக்கடையில லீவு நாள்ல வேலை பார்த்து, செகண்ட் ஹேண்டுல ஒரு மலை சைக்கிள் வாங்கினா. வாலாஜாபாத் தாண்டிப் பழைய சீவரத்துல, பெருமாள் பார்வேட்டைக்குப் போற மலை இருக்குதே, அந்த மலைப் பாதையில கால் ஊணாம அடிவாரம் வரைக்கும் எறங்கணும்னு அவளுக்கு ஒரு வெறி. மூணு ஞாயித்துக்கெழம போனா. மூணு தடவையும் ரெண்டாவது வளைவுல கால் ஊணிட்டாளாம். வூட்டுக்கு வந்து அதையே பேசிக்கினு இருப்பா.

இந்த சைக்கிளோட கதைய எனக்குச் சொன்னதும் அவதான். அமெரிக்காவுல கொஞ்சம் பசங்க, பேப்பர் போடற பசங்க ஓட்டிட்டுத் தூக்கிப் போட்ட குண்டு டயர் சைக்கிளயெல்லாம் பொறுக்கிக்கினு வந்து, ஒரு மலை உச்சியில ஏத்தி, மண் ரோட்டுல தலைதெறிக்க எறங்குவாங்களாம். அதுல கையில பிரேக் கிடையாது. பெடல பின்னால மிதிச்சா பின் சக்கரத்து ஹப்புக்குள்ள பிரேக் புடிக்கும். ஒரு தடவ எறங்கினாப் போதும், ஹப்பு சூடேறி உள்ள இருக்கற கிரீஸெல்லாம் பொகையாப் போயிடுமாம். கீழ வந்து ஹப்பக் கழட்டி, புதுசா கிரீஸ் அடைச்சாத்தான் மறுபடி எறங்க முடியும். அப்புறம் அந்தப் பசங்களே கியர மாட்டி, ஃபிரேம வளைச்சு, இந்த சைக்கிளையே உண்டாக்கிட்டாங்களாம்.

அடடா, என் ஜாதிக்காரனுங்கடா அவனுங்கன்னு எனக்கு ஒரே சந்தோஷம். அவங்களும் கையெல்லாம் கிரீஸ் பூசிக்கினு கெடந்தவங்கதானே. "பார்த்தியா, நான் சொல்லல? எண்ணெய் காணாத இரும்பு வெளங்காது. பிரேக்குக்கே கிரீஸ்தான் சோறு"ன்னு அவகிட்ட சொன்னேன். "அது ஹப் பிரேக்குப்பா, என்னோடது டிஸ்க், அது வேற..."ன்னு ஆரம்பிச்சா. "எனக்கே சொல்லித் தர்றியா? ஒன் சைக்கிள்ல பிரேக்குக் குழாய்க்குள்ளயே எண்ணெய்தான ஓடுது?"ன்னு ஒரு சத்தம் போட்டேன். அவ போன எடுத்துக்கினு உள்ள போயிட்டா.

ஆயுத பூஜை வந்துச்சு. எங்க கடை பூஜைன்னா தெருவே வந்து நிக்கும். எல்லா சைக்கிளையும் கழுவி, எண்ணெய்த் துணியால துடைச்சு, பட்டை போட்டு, பொட்டு வச்சு, மாலை போடறது என் வேலை, இன்னொருத்தர விடமாட்டேன். அந்த வருஷம் டிஸ்க் பிரேக் வச்ச சைக்கிள் ரெண்டே ரெண்டு வந்துச்சு. ஒண்ணு பொண்ணோடது, இன்னொண்ணு பக்கத்துத் தெரு டியூஷன் வாத்தியாரோடது. சக்கரத்து நடுவுல அந்தத் தட்டு சுத்தி ஓட்டை போட்டு பளபளன்னு இருந்துச்சு, சாட்சாத் பெருமாள் கையில இருக்கற சக்கரம். அதுக்குப் பொட்டு வைக்கலைன்னா வேற எதுக்கு வைக்கறது? எண்ணெய்த் துணியால ரெண்டு பக்கமும் அழுத்தித் துடைச்சேன். சந்தனத்தக் கொழகொழன்னு கரைச்சு தட்டு முழுக்க பூசி, சுத்தி வரிசையா குங்குமம் வச்சேன். கூட்டத்துல ரெண்டு பேர் போட்டோ எடுத்தாங்க. பொண்ணு ஓரமா நின்னு பார்த்துக்கினு இருந்தா. கற்பூரம் காட்டி, வாசல்ல பூசணிக்கா உடைச்சு, பொரிகடலை குடுத்து அனுப்பினேன்.

மறுநாள் விஜயதசமி. பொண்ணு விடிஞ்சதும் கூடப் படிக்கற பொண்ணு ஒருத்தியோட மலைக்குக் கெளம்பிட்டா. நான் கடையத் தொறந்து சாமி படத்துக்குப் பூ போடறேன், டியூஷன் வாத்தியாரு சைக்கிளத் தள்ளிக்கினு வர்றாரு. முழங்கால்ல பேண்ட் கிழிஞ்சிருக்குது.

"அண்ணே, பிரேக்கே புடிக்கல. ஆட்டோ பின்னால போய் இடிச்சிட்டேன்."

"பிரேக் புடிக்கத் தெரியலைன்னா ஆட்டோவுலயே போக வேண்டியதுதான சார்?"ன்னு வழக்கம்போல எரிஞ்சு விழுந்தேன். சக்கரத்தத் தூக்கிச் சுத்திவிட்டு லிவர அமுக்கினேன். கீச்சுன்னு காது கிழியக் கத்துச்சு. சக்கரம் நிக்கல, அது பாட்டுக்கு சுத்துது. தட்டு பூரா செவப்பா இழுத்துக்கினு கெடக்குது. குனிஞ்சா சந்தன வாசனை, கருகின சந்தனம்.

வாத்தியாரு போன்ல பார்த்துச் சொன்னாரு: "இதுல எண்ணெய் படவே கூடாதாம்ண்ணே. தட்டக் கவ்வற பேடு இருக்குதே, அது எண்ணெயக் குடிச்சிடுமாம். குடிச்சா தூக்கிப் போட வேண்டியதுதானாம்."

என் பொண்ணு. மலை. கால் ஊணாம எறங்கணும்னு வெறியோட போயிருக்கறா. அதே துணி, அதே சந்தனம், இதே கை. போன் அடிச்சேன். ரிங் போவுது, எடுக்கல. மலையில போன பைக்குள்ள போட்டுடுவா, தெரியும். திரும்ப அடிச்சேன். "சைக்கிளத் தொடாதீங்க சார்"னு வாத்தியார்கிட்ட சொல்லிட்டு, கடைய அப்படியே போட்டுட்டு மொபெட்ட எடுத்தேன். "இன்னாயா, நாஸ்தா துன்னாம எங்க கெளம்பிட்ட?"ன்னு சம்சாரம் வாசல்ல நின்னு கேட்டா. "பார்ட்ஸ் வாங்க"ன்னு பொய் சொன்னேன்.

அய்யம்பேட்டை வரைக்கும் எப்படிப் போனேன்னு தெரியாது. வழியெல்லாம் நேத்து உடைச்ச பூசணிக்கா, அதுல ரெண்டு தடவ வண்டி சறுக்கிச்சு. வாழைக்கன்னு கட்டின லாரி ஒண்ணு முன்னால ஆடி அசைஞ்சு போவுது, வழி விடல, வாய்க்கு வந்தபடி திட்டினேன். வாலாஜாபாத்துல நிறுத்தி மறுபடி போன் அடிச்சேன். எடுக்கல. முருகா, ஏறிக்கினு இருக்கட்டும், இன்னும் எறங்க ஆரம்பிச்சிருக்கக் கூடாதுன்னு வேண்டிக்கினேன். அவளுக்கு ஒண்ணு ஆச்சுன்னா இந்தக் கைய வச்சுக்கினு நான் இன்னா பண்றது? நடுவுல ஒரு யோசனை வந்துச்சு பாருங்க, வெக்கத்த விட்டுச் சொல்றேன். இது என்னாலன்னு யாருக்கும் தெரியாமப் போயிடணுமேன்னும் நெனச்சேன். அடுத்த நிமிஷமே த்தூன்னு என் மேலயே துப்பிக்கத் தோணுச்சு.

அடிவாரத்துல வேப்பமரத்துக்குக் கீழ உட்கார்ந்திருந்தா. இடது கைய துப்பட்டாவுல தூளி மாதிரி கட்டி மார்போட புடிச்சிருந்தா. தாவாக்கட்டையெல்லாம் சிராய்ப்பு, மண்ணு. கூட வந்த பொண்ணு தண்ணி குடுத்துக்கினு இருந்தா. உயிரோட இருக்கறா. எனக்கு வண்டிய ஸ்டாண்டு போடக்கூட வரல, அப்படியே சாய்ச்சிட்டேன்.

"ஒண்ணும் இல்லப்பா, மணிக்கட்டு மட்டும்தான்"னு அவதான் மொதல்ல பேசினா. "ரெண்டாவது வளைவு. நான்தான் லேட்டா பிரேக் புடிச்சேன்."

சைக்கிள் பக்கத்துல கெடந்துச்சு. முன் சக்கரம் கோணலாயிருந்துச்சு. தட்டப் பார்த்தேன். சந்தனமும் இல்ல, குங்குமமும் இல்ல, தேய்ச்சு வச்ச பாத்திரமாட்டம் சுத்தமா இருந்துச்சு.

"இதுல இருந்த பொட்டு எங்கம்மா?"

"தொடச்சிட்டேன்பா. நேத்தே. நீ பூசணிக்கா உடைக்க வாசலுக்குப் போனப்போ. டியூஷன் சாரோடதையும் தொடைக்கலாம்னு பார்த்தேன், அதுக்குள்ள அவரு எடுத்துக்கினு போயிட்டாரு."

தொடச்சிருக்கறா. நான் சக்கரத்தச் சுத்திச் சுத்தித் துடைக்கறப்பவே பேடு எண்ணெயக் குடிச்சு முடிச்சிருக்குது, அது அவளுக்குத் தெரியல. தெரிஞ்சிருக்க வேண்டியது நானு.

"எண்ணெய் படக் கூடாதுன்னு ஒனக்குத் தெரியுமா?"

தலைய ஆட்டினா.

"தெரிஞ்சுக்கினு ஏம்மா என்கிட்ட சொல்லல?"

அவ தரையப் பார்த்தா. கூட வந்த பொண்ணு பாட்டில் மூடியத் திருகிக்கினே கொஞ்சம் தள்ளிப் போய் நின்னுக்கினா.

"தெருவே நின்னுக்கினு இருந்துச்சுப்பா. சொன்னா கத்துவ. தொடச்சாப் போதும்னு நெனச்சேன்."

கோவமா சொல்லல. வெயிலு, மழைன்னு சொல்ற மாதிரி சொன்னா. பக்கத்துல குத்துக்கால் போட்டு உட்கார்ந்தேன். அவமேல ஒரு நாளும் கை ஓங்கினவன் இல்ல நானு, சத்தம் மட்டும்தான் போட்டிருக்கறேன். தாவாயில ஒட்டியிருந்த மண்ணத் தட்டி விடலாம்னு கைய நீட்டினேன். அவ கண்ண இறுக்கி மூடிக்கினு மூஞ்ச அந்தப் பக்கம் திருப்பிக்கினா.