புறங்காலில் ஒரு துடிப்பு

என் வீட்டுக்காரருக்கு வலது காலில் ரத்தக்குழாய் அடைத்துப்போய், மதுரையில் ஆபரேஷன் செய்தார்கள். அவர் தொடையிலிருந்தே ஒரு குழாயை எடுத்து, அடைப்பைத் தாண்டி ரத்தம் போக மாற்றுவழி போட்டுவிட்டார்கள். காரைக்குடிக்குக் கிளம்பும்போது டாக்டர் என் விரலை அவர் புறங்காலில் வைத்து அழுத்தினார்.

"துடிக்குதாம்மா? தினம் காலையில பாருங்க. துடிப்பு இல்லாட்டியோ, கால் சில்லுன்னு இருந்தாலோ உடனே வரணும். லேட் பண்ணினா காலே போயிரும்."

எனக்கு எதையாவது கேட்காவிட்டால் தலை வெடித்துவிடும். "புதுசா போட்ட குழாய் எதுனால சார் அடைக்கும்?"

"சர்க்கரை ஏறினா அடைக்கலாம், மாத்திரையை விட்டா அடைக்கலாம். எல்லாத்துக்கும் மேல சிகரெட்."

வீட்டுக்காரர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தத் துடிப்பு என்னைப் பிடித்துக்கொண்டது. நெஞ்சில் அடிப்பது பாதம் வரைக்கும் வந்து தட்டுமா! என் காலில் தேடினேன். கிடைக்கவில்லை, பகீரென்றது. கொஞ்சம் தள்ளி மெதுவாக இருந்தது. மருமகளின் காலை நான் பிடித்தபோது அவள் துள்ளி எழுந்துவிட்டாள்.

"அத்தை! நீங்க போயி என் காலைத் தொடுறீகளே, எனக்குல்ல பாவம் சேரும்!"

"ஆசீர்வாதம் வாங்கவா வந்தேன்? துடிக்குதான்னு பாக்குறேன், நீட்டு."

அவளுக்குக் குதிரை மாதிரி ஓடியது.

ஐப்பசி மழைக் காலத்தில் ஒருநாள் காலை அவர் காலைத் தொட்டேன். சில்லென்றிருந்தது. எங்கே அழுத்தியும் துடிப்பைக் காணோம்.

"நல்லாத்தான் இருக்கு. காபியைக் கொண்டா" என்றார்.

"காபியாம் காபி! எந்திரிங்க முதல்ல!"

மதுரை போய்ச் சேரும்வரை அந்தக் காலை என் மடியில்தான் வைத்திருந்தேன். முருகா, முருகா என்பதைத் தவிர வேறு சொல் வரவில்லை. குழாயில் உறைந்திருந்த ரத்தத்தை எடுத்து எப்படியோ காலைக் காப்பாற்றிவிட்டார்கள். இன்னொரு தடவை அடைத்தால் காலை எடுக்க வேண்டியிருக்கும் என்றார் டாக்டர். சிகரெட்டைப் பற்றிக் கேட்டதற்கு, எங்கள் கடையில் இருக்கும்போது ஒன்றிரண்டு என்று முனகினார் இந்த மனுஷர்.

வீட்டுக்கு வந்து வாயில் வந்தபடி திட்டித் தீர்த்தேன். கோபம் அடங்கிய பிறகு ஒரு கேள்வி மட்டும் குடைந்தது. வருஷா வருஷம் பழனிக்கு மாலை போட்டு நடந்து போகிறவர் இவர். விரதம் முடியும்வரை சிகரெட் வாடையே இருக்காது. பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன்.

"முருகனுக்காக விட முடியுது. சொந்தக் காலுக்காக விட முடியலையா? நெசமாத்தான் கேக்குறேன், சண்டைக்கு இல்ல."

காலைத் தடவிக்கொண்டே சொன்னார்.

"விரதத்துக்கு முடியிற நாள்னு ஒண்ணு இருக்குல்ல. மாலை கழத்தினதும் ஊதிக்கலாம்னு நாளை எண்ணியே ஓட்டிருவேன். டாக்டரு சாகுற வரைக்கும் வேணாங்குறாரு. அதை நெனச்சாலே கை தன்னால பாக்கெட்டுக்குப் போகுது."

எனக்கு அழுகைதான் வந்தது.

மறுநாள் காலை விரலை வைத்தேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தார்.

"இருக்கா?"

"இருக்கு."

"அப்ப இன்னைக்கு சிகரெட் வேணாம்" என்றார்.

"நாளைக்கு?" என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது. கேட்கவில்லை.